ஆங்கில வாக்கியத்தில் காற்புள்ளிக் கோளாறுகள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் அலுவலகக் கடிதங்களையும், ஆய்வுக் கட்டுரைகளையும், சில வேளைகளில் ஒப்பந்த வரைவுகளையும் செப்பனிட்டுக் கொடுப்பது என் அன்றாட வேலை. எழுதியவர் கல்லூரி ஆசிரியராக இருந்தாலும் மென்பொருள் நிறுவன மேலாளராக இருந்தாலும், காற்புள்ளி பிசகுகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே இலக்கண விதிகளின் வரிசையை விட்டுவிட்டு, தாளில் கண்ணுக்குத் தென்படும் அறிகுறியிலிருந்து தொடங்கும்படி இதை எழுதியிருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும், ஒரு புள்ளியைப் போடுவதோடோ அழிப்பதோடோ முடிந்துவிடும் திருத்தம் முதலிலும், வாக்கியத்தையே கலைத்து எழுத வேண்டிய திருத்தம் கடைசியிலும் வரும். முதல் சோதனையிலேயே கோளாறு அகப்பட்டுவிட்டால் மேலே போக வேண்டியதில்லை.

தொடங்குமுன் இரண்டு ஏற்பாடுகள் தேவை. “மூச்சு விடும் இடத்தில் கமா போடு” என்று பள்ளிக்கூடத்தில் கேட்ட சொல்லை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். அது உரக்க வாசிப்பவருக்கு உதவுமே தவிர எழுதுகிறவருக்கு உதவாது. அடுத்து, ஒரு பென்சிலை எடுத்து, தனக்கென்று ஓர் எழுவாயைக் கொண்ட ஒவ்வொரு வினைச்சொல்லின் அடியிலும் கோடு போட வேண்டும். தமிழில் “வந்து, பார்த்து, பேசிவிட்டுப் போனார்” என்று எச்சங்களை அடுக்கி ஒரே வினைமுற்றில் முடித்துவிடுகிறோம். அதையே ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வோர் எச்சமும் ஒரு முழு வினையாக எழுந்து நின்றுவிடுகிறது. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன என்பதால், பென்சில் கோடு இல்லாமல் சோதனைகளைச் செய்து பயனில்லை.

## அறிகுறி 1: முழு வாக்கியங்கள் இரண்டு, நடுவே வெறும் காற்புள்ளி

“தி ஸர்வர் வாஸ் டவுன், வீ குட் நாட் ஸெண்ட் தி ரிப்போர்ட்.” என் மேசைக்கு வரும் தாள்களில் இதைவிட அதிகமாக நான் திருத்தும் பிழை வேறில்லை. சோதனை எளிது. காற்புள்ளிக்கு வலப்புறம் இருப்பதை விரலால் மூடிவிட்டு இடப்புறத்தைப் படியுங்கள்; பிறகு இடப்புறத்தை மூடிவிட்டு வலப்புறத்தைப் படியுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியே முற்றுப்புள்ளியோடு நிற்குமானால், நடுவிலுள்ள காற்புள்ளிக்கு அந்தச் சுமையைத் தாங்கும் வலு கிடையாது.

மலிவான திருத்தம், காற்புள்ளியை முற்றுப்புள்ளியாக்கி அடுத்த எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது. வாக்கியங்கள் குட்டையாகிவிடுமே என்று பலர் தயங்குகிறார்கள். குட்டை வாக்கியத்துக்காக இதுவரை எந்தக் கடிதமும் என்னிடம் திரும்பி வந்ததில்லை.

இரண்டுக்கும் இடையிலுள்ள உறவைக் காட்டியாக வேண்டும் என்றால், காற்புள்ளியை அப்படியே விட்டு, அதன் பின்னால் “அண்ட்”, “பட்”, “ஆர்”, “ஸோ”, “யெட்”, “ஃபார்”, “நார்” ஆகிய ஏழில் பொருந்துவதைச் சேர்க்கலாம்: “தி ஸர்வர் வாஸ் டவுன், ஸோ வீ குட் நாட் ஸெண்ட் தி ரிப்போர்ட்.” உறவு தானாகவே விளங்குகிறது, ஆனால் முற்றாக வெட்டவும் மனமில்லை என்ற நிலையில் அரைப்புள்ளி போடலாம், ஒரு பக்கத்தில் மூன்றுக்கு மேல் அரைப்புள்ளி தென்பட்டால் எழுதியவர் முடிவெடுக்கத் தயங்குகிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

### இணைப்புச் சொல் இருக்கிறது, ஆனாலும் வாக்கியம் தடுக்குகிறது

“வீ ஸென்ட் தி ரிப்போர்ட், ஹவெவர் தே டிட் நாட் ரிப்ளை.” இங்கே சொல் இருக்கிறதே என்று தோன்றும். தமிழில் “ஆனால்”, “ஆயினும்”, “எனினும்” எல்லாமே ஒரே வேலையைச் செய்வதால், ஆங்கிலத்திலும் “பட்” இருக்கும் இடத்தில் “ஹவெவர்” உட்காரலாம் என்று நினைத்துவிடுகிறோம். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை வாக்கியத்துக்குள் நகர்த்திப் பாருங்கள். “தே, ஹவெவர், டிட் நாட் ரிப்ளை” என்று நகர்கிறது. “தே பட் டிட் நாட் ரிப்ளை” என்று நகர மறுக்கிறது. நகரும் சொல் இணைப்புச் சொல் ஆகாது. எனவே அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வர வேண்டும், அதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளியும் வர வேண்டும்: “வீ ஸென்ட் தி ரிப்போர்ட்; ஹவெவர், தே டிட் நாட் ரிப்ளை.” “தேர்ஃபோர்”, “மோரோவர்”, “கான்ஸிக்வென்ட்லி” ஆகியவையும் இதே சாதி.

### இணைப்புச் சொல் இரண்டு இருக்கிறது

“ஆல்தோ ஹீ வாஸ் ஸிக், பட் ஹீ கேம்.” “ஸின்ஸ் தி பேங்க் வாஸ் க்ளோஸ்ட், ஸோ வீ பெய்ட் இன் கேஷ்.” இங்கே காற்புள்ளி குற்றமற்றது, அதைத் தொடாதீர்கள். முன்னாலோ பின்னாலோ ஓர் இணைப்புச் சொல்லை எடுத்துவிட்டால் போதும்.

### நான்கைந்து வாக்கியங்கள் சங்கிலியாக ஓடுகின்றன

இதுதான் இந்த அறிகுறியின் விலையுயர்ந்த வடிவம். “ஐ கேம் டு ஆஃபீஸ், ஐ செக்ட் தி மெயில், தி அட்டாச்மென்ட் வாஸ் மிஸ்ஸிங், ஐ கால்டு தி வெண்டர், ஹீ டிட் நாட் பிக் தி ஃபோன்.” அடியில் கோடு போட்டுப் பார்த்தால் ஐந்து வினைகள், ஐந்து எழுவாய்கள். இதில் ஒவ்வொரு காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியாக்கினால் இலக்கணம் சரியாகிவிடும். படிப்பவருக்கோ சாட்சி சொல்வதைக் கேட்பதுபோல் இருக்கும். எழுதியவர் மனத்தில் இருந்த தமிழ் வாக்கியத்தைத் தேடிப் பிடிப்பதே இங்கே வழி: அலுவலகத்துக்கு வந்து மின்னஞ்சலைப் பார்த்தபோது இணைப்பு இல்லை, வெண்டரை அழைத்தும் அவர் எடுக்கவில்லை. அந்தப் “பார்த்தபோது” என்பதையும் “அழைத்தும்” என்பதையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தால் காற்புள்ளிகள் தாமாகவே தம் இடத்துக்கு வந்துவிடும்: “வென் ஐ செக்ட் தி மெயில் அட் ஆஃபீஸ், தி அட்டாச்மென்ட் வாஸ் மிஸ்ஸிங். ஐ கால்டு தி வெண்டர், பட் ஹீ டிட் நாட் ஆன்ஸர்.”

“வந்தேன், கண்டேன், வென்றேன்” என்ற சீசரின் கூற்று ஆங்கிலத்திலும் வெறும் காற்புள்ளிகளோடுதானே நிற்கிறது என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். இரண்டு மூன்று சொல் நீளமுள்ள, ஒரே வார்ப்பில் அமைந்த வாக்கியங்களுக்கு அந்தச் சலுகை உண்டு. ஸர்வர் பழுதான செய்திக்கு இல்லை.

## அறிகுறி 2: வாக்கியத்தின் முன்பகுதி பின்பகுதியை விழுங்கிவிடுகிறது

தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போன எவரும் இந்த வாக்கியத்தை எழுதாமல் தப்பியிருக்க முடியாது: “ஆஸ் ஐ ஆம் ஸஃபரிங் ஃப்ரம் ஃபீவர் ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் தி ஸ்கூல் டுடே.” கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளில், “ரெஸ்பெக்டட் ஸார்” என்பதற்குக் கீழே, ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு இதைக் கொடுத்துக்கொண்டே வருகிறது, அப்படிக் கைமாறியதில் “ஃபீவர்” என்பதற்குப் பின்னால் நிற்க வேண்டிய காற்புள்ளி எங்கேயோ உதிர்ந்துவிட்டது. விடுப்புக் கடிதத்தில் இதனால் யாருக்கும் நட்டமில்லை. அதே பழக்கம் இருபது ஆண்டு கழித்து மருத்துவ அறிக்கையில் இப்படி வருகிறது: “ஆஃப்டர் தி டாக்டர் லெஃப்ட் தி வார்டு பிகேம் கொயட்.” மருத்துவர் வார்டை விட்டுச் சென்றார் என்று படித்துக்கொண்டு போகிறவர், “பிகேம்” என்ற வினையில் முட்டிக்கொண்டு திரும்பி வருகிறார்.

முதலில் பார்க்க வேண்டியது, வாக்கியம் “ஆஸ்”, “வென்”, “இஃப்”, “ஆஃப்டர்”, “ஸின்ஸ்”, “ஆல்தோ” போன்ற சொல்லில் தொடங்குகிறதா என்பது. தொடங்கினால், இரண்டாவது எழுவாய்க்கு நேர் முன்னால் ஒரு காற்புள்ளி போடுங்கள்: “ஆஃப்டர் தி டாக்டர் லெஃப்ட், தி வார்டு பிகேம் கொயட்.” “டுடே”, “இன் 2019” போன்ற சிறு தொடக்கங்களுக்கு அது கட்டாயமில்லை, போட்டாலும் தவறில்லை, ஒரே கட்டுரையில் ஓரிடத்தில் போட்டு ஓரிடத்தில் விடுவதுதான் தவறு.

காற்புள்ளி சரியாக இருந்தும் வாக்கியம் கோணலாகவே இருந்தால், பகுதிகளை இடம் மாற்றிப் பாருங்கள். காரணத்தை முன்னால் சொல்வது தமிழின் இயல்பு, ஆங்கிலம் அதைப் பின்னால் வைக்கவும் அனுமதிக்கிறது, அப்படி வைத்தால் பெரும்பாலும் காற்புள்ளி தேவைப்படுவதில்லை: “ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் பிகாஸ் ஐ ஹேவ் எ ஃபீவர்.”

இதில் ஒரு பொறி உண்டு, அதை மெதுவாகவே தாண்ட வேண்டும். “ஹீ டிட் நாட் ரிஸைன் பிகாஸ் தி ஸாலரி வாஸ் லோ.” இந்த வாக்கியம், அவர் வேலையை விட்டுவிட்டார், ஆனால் சம்பளம் குறைவு என்பதற்காக அன்று, என்று பொருள்படலாம், சம்பளம் குறைவாக இருந்ததால் அவர் வேலையை விடவில்லை என்றும் பொருள்படலாம். “ரிஸைன்” என்பதற்குப் பின்னால் காற்புள்ளி வந்தால் இரண்டாவது பொருளே நிற்கும். ஆனால் படிப்பவர் அந்த ஒரு புள்ளியைக் கவனிப்பார் என்று நம்பி ஒருவருடைய பணிக்குறிப்பை எழுதுவது எனக்கு உவப்பில்லை. எதிர்மறை வினைக்குப் பின்னால் “பிகாஸ்” வந்தாலே வாக்கியத்தைக் கலைத்து எழுதிவிடுவேன்.

ஆய்வுக் கட்டுரைகளில் மட்டும் அடிக்கடி காணும் வடிவம்: “ஹேவிங் கம்ப்ளீட்டட் தி டெஸ்ட், தி மெஷின் வாஸ் ஸ்விட்ச்ட் ஆஃப்.” காற்புள்ளி இருக்கும் இடம் சரி, ஆனால் சோதனையை முடித்தது இயந்திரம் என்று ஆகிவிட்டது. எத்தனை காற்புள்ளியை நகர்த்தினாலும் இது தீராது. யார் முடித்தார்கள் என்பதை எழுவாயாக்க வேண்டும்.

## அறிகுறி 3: நீண்ட எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒரு காற்புள்ளி

“தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஃபெயில்டு இன் தி ஃபர்ஸ்ட் ஸெமஸ்டர், மஸ்ட் பே தி ஃபீ பிஃபோர் ஃப்ரைடே.” சுற்றறிக்கைகளில் தவறாமல் வரும். தமிழில் “முதல் பருவத்தில் தேர்ச்சி பெறாத மாணவர்கள், வெள்ளிக்கிழமைக்குள்…” என்று நீண்ட எழுவாயை ஒரு காற்புள்ளியால் நிறுத்தி வைப்பது நமக்கு இயல்பாக இருப்பதால் கை தானாகப் போட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுவாயையும் அதன் வினையையும் ஒற்றைக் காற்புள்ளி பிரிக்கக் கூடாது, அழித்துவிடுங்கள். அழித்த பிறகு மூச்சு முட்டுகிறது என்றால், எழுவாய் அளவுக்கு மீறி நீண்டிருக்கிறது என்று பொருள், அதைச் சுருக்குங்கள்.

அழிப்பதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். அந்தக் காற்புள்ளிக்கு ஜோடியாக முன்னால் வர வேண்டிய இன்னொரு காற்புள்ளி விடுபட்டிருக்கலாம். அப்படியானால் இது அடுத்த அறிகுறி.

## அறிகுறி 4: ஜோடியில் ஒன்று காணவில்லை, அல்லது ஜோடி இருக்கலாமா என்றே தெரியவில்லை

“மை பிரதர், அன் எஞ்சினியர் இன் கோயம்புத்தூர் இஸ் கமிங் டுமாரோ.” நடுவில் செருகிய விளக்கத்துக்குக் கதவு இரண்டு, ஒன்றைச் சாத்திவிட்டு மற்றதைத் திறந்து போட்டால் விளக்கம் எங்கே முடிகிறது என்று தெரியாது. சோதனை: இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவில் இருப்பதை முழுவதும் தூக்கி எடுத்துவிட்டு மீதியைப் படியுங்கள். “மை பிரதர் இஸ் கமிங் டுமாரோ” என்று ஒழுங்காக நின்றால் ஜோடி தன் இடத்தில் இருக்கிறது. மேலே உள்ள வாக்கியத்தில் “கோயம்புத்தூர்” என்பதற்குப் பின்னால் ஒன்று விடுபட்டிருக்கிறது.

இதைவிடக் கடினமான கேள்வி, அந்த இடத்தில் ஜோடி வேண்டுமா வேண்டாமா என்பது. தமிழ் இதில் நமக்குத் துணை வராது. “மதுரையில் இருக்கும் என் அண்ணன்” என்று எழுதினால், எனக்கு ஒரே அண்ணனா, பல அண்ணன்களில் மதுரையில் இருப்பவரைக் குறிக்கிறேனா என்பதை அந்தத் தொடர் சொல்வதில்லை. கேட்பவருக்கு நம் குடும்பம் தெரிந்திருக்கும். ஆங்கிலம் அதைக் காற்புள்ளியால் சொல்லிவிடுகிறது. “மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை இஸ் எ டீச்சர்” என்றால் வேறு சகோதரர்களும் இருக்கிறார்கள். “மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் மதுரை, இஸ் எ டீச்சர்” என்றால் ஒரே சகோதரர்தான், மதுரை என்பது கூடுதல் தகவல்.

எனவே இங்கே நான் இலக்கணத்தைக் கேட்பதில்லை, எழுதியவரையே கேட்கிறேன்: எத்தனை பேர்? “தி எம்ப்ளாயீஸ், ஹூ ஜாய்ண்ட் பிஃபோர் 2015, வில் கெட் தி போனஸ்” என்ற அறிவிப்பு ஒன்று ஒரு நிறுவனத்திலிருந்து என்னிடம் வந்தது. அனுப்பியவர் நினைத்தது 2015-க்கு முன் சேர்ந்தவர்களுக்கு மட்டும் போனஸ் என்று. அவர் எழுதியிருந்ததோ ஊழியர்கள் எல்லோருக்கும் போனஸ், அவர்கள் எல்லோருமே 2015-க்கு முன் சேர்ந்தவர்கள் என்று. இரண்டு காற்புள்ளிகளையும் எடுத்துவிட்டு அறிவிப்பை அனுப்பினோம்.

“விச்”, “தட்” இரண்டில் எது என்ற தடுமாற்றத்துக்கும் இதே கேள்விதான் விடை. எதைக் குறிக்கிறது என்று பிரித்துக் காட்டுவதானால் காற்புள்ளி இல்லாமல் “தட்”. கூடுதல் தகவலானால் காற்புள்ளி ஜோடியோடு “விச்”. பிரித்துக் காட்டும் இடத்திலும் “விச்” எழுதுவதைப் பிரிட்டிஷ் வழக்கு ஏற்கும், ஆனால் அப்போதும் காற்புள்ளி வராது.

ஜோடியின் இரண்டாவது காற்புள்ளி எவ்வளவு விலைபோகும் என்பதற்குக் கனடாவில் ஒரு வழக்கு இருக்கிறது. ராஜர்ஸ் என்ற கேபிள் நிறுவனம், அலையன்ட் என்ற தொலைபேசி நிறுவனத்தின் வழியாகக் கம்பங்களில் தன் கம்பிகளை இழுத்துக்கொள்ள ஒப்பந்தம் செய்திருந்தது. ஐந்தாண்டுக்கு நடக்கும், அதன் பின் ஐந்தைந்து ஆண்டாக நீளும், ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொண்டால் ஒழிய, என்பது அந்த விதி. முதல் ஐந்தாண்டுக்குள்ளேயே அலையன்ட் விலகலாமா என்ற தகராறில், நீட்டிப்பைப் பற்றிய தொடருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி இருப்பதால் முன்னறிவிப்பு விதி முதல் ஐந்தாண்டுக்கும் பொருந்தும் என்று கனடாவின் ஒளிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையம் 2006-இல் முடிவு செய்தது. மறு ஆண்டு, ஒப்பந்தத்தின் பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்து அதே ஆணையம் முடிவை மாற்றிக்கொண்டது. ஆங்கில வடிவத்தின் காற்புள்ளியை மட்டும் வைத்துத் தகராறு தீரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

## அறிகுறி 5: பட்டியலின் கடைசியில் குழப்பம்

இரண்டே பொருள்கள் என்றால் “அண்ட்” முன்னால் காற்புள்ளி வேண்டாம்: “ரைஸ் அண்ட் தால்.” மூன்று முதல் கேள்வி எழுகிறது: “ரைஸ், தால் அண்ட் ஆயில்” என்பதா, “ரைஸ், தால், அண்ட் ஆயில்” என்பதா? இரண்டும் சரி. பிந்தியதை ஆக்ஸ்ஃபோர்டு காற்புள்ளி என்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதைத் தன் நடையாக வைத்திருப்பதால் வந்த பெயர். பிரிட்டிஷ் செய்தித்தாள்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுகின்றன. ஒன்றைத் தேர்ந்து கடைசிப் பக்கம் வரை அதையே பின்பற்றுங்கள்.

குழப்பம் அதோடு தீராதபோது, பட்டியலின் உறுப்புகளுக்குள்ளேயே “அண்ட்” அல்லது “ஆர்” ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தின் சட்டம், கூடுதல் நேர ஊதியம் பெறாத வேலைகளை அடுக்கிச் சென்றது: பதப்படுத்துதல், உறைய வைத்தல், உலர்த்துதல், சேமித்தல் என்று போய், “பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன் ஆஃப்” என்று முடிந்து, அதன் பின் உணவுப் பொருள்களின் வகைகள் வந்தன. “ஷிப்மென்ட்” என்பதற்குப் பின்னால் காற்புள்ளி இருக்கவில்லை. அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொட்டலம் கட்டுதல் என்று ஒரே வேலையா, பொட்டலம் கட்டுதல் ஒன்று, விநியோகித்தல் வேறொன்று என்று இரண்டு வேலைகளா? ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள் பொட்டலம் கட்டவில்லை, விநியோகம் மட்டுமே செய்தார்கள். முதல் பொருள் சரியென்றால் அவர்களுக்குக் கூடுதல் ஊதியம் உண்டு. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல், வாசகம் இரு பொருள்படுவதால் ஓட்டுநர்கள் பக்கமே சாயும் என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அந்தத் தீர்ப்புக்குப் பின் மாநிலச் சட்டமன்றம் அந்த விதியைத் திருத்தியபோது காற்புள்ளிகளை எடுத்துவிட்டு ஒவ்வொரு வேலைக்கும் நடுவே அரைப்புள்ளியை வைத்தது. உறுப்புகளுக்குள் காற்புள்ளியோ இணைப்புச் சொல்லோ இருக்கும் எந்தப் பட்டியலுக்கும் அதே மருந்துதான். அதிலும் தெளியாவிட்டால், ஒவ்வோர் உறுப்பையும் எண்ணிட்டுத் தனி வரியில் எழுதுங்கள்.

பெயரடைகள் அடுக்கி வந்தால், நடுவில் “அண்ட்” வைத்துப் பாருங்கள். “எ லாங், டைரிங் ஜர்னி” என்பதில் அது பொருந்துவதால் காற்புள்ளி உண்டு; “எ பிக் ஸ்டீல் பாக்ஸ்” என்பதில் பொருந்தாததால் இல்லை.

## அறிகுறி 6: “தட்” முன்னால் ஒரு காற்புள்ளி

“தி மேனேஜர் ஸெட், தட் தி ஆர்டர் வாஸ் கேன்ஸல்டு.” நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பள்ளிப் பயிற்சியின் எச்சம் இது. மேற்கோள் குறிக்குள் ஒருவர் பேசினால் அதற்கு முன்னால் காற்புள்ளி உண்டு. “தட்” வந்துவிட்டால் கிடையாது. அழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.

## அறிகுறி 7: விளி வேறு ஆளாகிவிடுகிறது

“தேங்க் யூ ஸார்” என்று காற்புள்ளி இல்லாமல் எழுதுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் வாட்ஸ்அப்பில் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் நம் அலுவலகங்களில் “ஸார்” என்பது படர்க்கையாகவும் நடமாடுவதால் ஒரு தனிச் சிக்கல் வருகிறது. “ப்ளீஸ் இன்ஃபார்ம் ஸார்” என்றால் ஸாரிடம் சொல்லிவிடுங்கள் என்று பொருள். “ப்ளீஸ் இன்ஃபார்ம், ஸார்” என்றால் ஐயா, தெரிவியுங்கள் என்று பொருள். முதலாவதைப் பெற்ற ஒரு மேலாளர் தமக்கு மேலே இருப்பவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்த கதையும் உண்டு. அழைக்கும் பெயர் வாக்கியத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ வந்தால் ஒரு காற்புள்ளி, நடுவில் வந்தால் இரண்டு.

## அறிகுறி 8: எண்ணும் தேதியும் வெளிநாட்டில் வேறாகப் படிக்கப்படுகின்றன

நாம் ஒரு லட்சத்தை 1,00,000 என்று எழுதுகிறோம். அமெரிக்கரும் ஆங்கிலேயரும் 100,000 என்று எழுதுகிறார்கள். ஜெர்மனி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. அங்கே 12,500 கிலோ என்பதைப் பன்னிரண்டரைக் கிலோ என்று படித்துவிட இடமுண்டு. ஒரே ஆவணத்தில் இரண்டு முறைகளும் கலந்திருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள், பிறகு பெறுபவரின் நாட்டு வழக்குக்கு மாற்றுங்கள். விலைப்பட்டியலில் தொகையை எழுத்தாலும் எழுதிவிடுவது உத்தமம்.

தேதியில், “12 ஆகஸ்ட் 2024” என்ற பிரிட்டிஷ் வரிசைக்குக் காற்புள்ளி வேண்டாம். “ஆகஸ்ட் 12, 2024” என்ற அமெரிக்க வரிசைக்கு நடுவில் ஒன்று வேண்டும். வாக்கியம் அதற்கு மேலும் தொடர்ந்தால் ஆண்டுக்குப் பின்னாலும் ஒன்று வேண்டும். ஊரும் மாநிலமும் அடுத்தடுத்து வரும்போதும் அப்படியே: “ஹீ மூவ்ட் டு ஆஸ்டின், டெக்ஸஸ், லாஸ்ட் இயர்.”

## எந்தக் கட்டத்தில் அடுத்தவரை அழைப்பது

கணினியிலுள்ள திருத்தி மென்பொருளை முதல் சல்லடையாகப் பயன்படுத்தலாம். விடுபட்ட தொடக்கக் காற்புள்ளிகளையும் ஒற்றைக் காற்புள்ளியில் தொங்கும் வாக்கியங்களையும் அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். நான்காம் அறிகுறியில் அதை நம்பக் கூடாது. உங்களுக்கு எத்தனை அண்ணன் என்பதும், எந்த ஊழியருக்குப் போனஸ் என்பதும் அதற்குத் தெரியாது; இருந்தும் அது ஒரு யோசனை சொல்லும். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் ஏற்றுக்கொண்டு வந்த கோப்புகளைத் திருத்துவதற்கு, தொடாமல் வந்த கோப்புகளைவிட அதிக நேரம் பிடிக்கிறது.

ஒரு பத்தியில் மூன்று முறை திருத்தியும் அதே அறிகுறி திரும்பினால், அல்லது திருத்திய வாக்கியத்தைப் படித்துவிட்டு உடன் பணியாற்றும் இருவர் இரண்டு பொருள் சொன்னால், ஆங்கிலம் செப்பனிடுபவரிடம் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. ஆய்வேட்டையும் ஆய்விதழுக்குப் போகும் கட்டுரையையும் அனுப்புவதற்கு முன் ஒரு முறை அப்படிக் கொடுப்பது நல்லது.

ஒப்பந்தம், உயில், ஒப்பந்தப்புள்ளி, வாடகைப் பத்திரம் ஆகியவற்றில் கதை வேறு. அங்கே ஒரு காற்புள்ளியைச் சேர்க்கலாமா என்று என்னைப் போன்றவரிடம் கேட்காதீர்கள். “மை ஸன்ஸ் ஹூ லிவ் இன் சென்னை” என்று உயிலில் இருப்பதை நான் அழகாக்கப் போய், சென்னையில் இல்லாத மகனுக்குப் பங்கு கொடுத்தவனாகவோ இருக்கும் பங்கைப் பறித்தவனாகவோ ஆகிவிடலாம். கையெழுத்திட்ட பத்திரமாக இருந்தால், பிழை எவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்தாலும் பேனாவை எடுக்காமல் வழக்கறிஞரிடம் கொண்டு செல்லுங்கள். கையெழுத்திடாத வரைவானால், ஐயம் தரும் விதியை இரண்டு மூன்று குட்டை வாக்கியங்களாக உடைத்துத் தரும்படி அவரிடமே கேளுங்கள்.

செப்பனிடுபவரிடம் கொடுக்கும்போது, பிடிஎஃப் கோப்பை அனுப்பாமல் வேர்டு கோப்பை அனுப்பி, மாற்றங்கள் தடம் தெரியும்படி திருத்தச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் வழக்கா அமெரிக்க வழக்கா, ஆக்ஸ்ஃபோர்டு காற்புள்ளி உண்டா இல்லையா, இதழின் நடைக் கையேடு எது என்பதை மின்னஞ்சலின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். உங்களுக்கே பொருள் உறுதியாகத் தெரியாத வாக்கியங்களின் ஓரத்தில், நீங்கள் சொல்ல நினைத்ததைத் தமிழில் எழுதி வைத்தால், பாதி நேரத்தில் கோப்பு திரும்பி வரும்.